டால்டா டின்னும் ஆக்ஸா பிளேடும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "வரலாற்றுப் பகுதிக்கு ஒரு கட்டுரை வேணும், நீ எழுது" என்றார்கள். நான் என்ன சரித்திரப் பேராசிரியரா? மெக்கானிக்கல் முடித்து 2010-ல் வெளியே வந்த செட். இன்றைக்கு ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் காலம் ஓட்டுகிறவன். ராஜராஜன் எந்த வருடம் பட்டத்துக்கு வந்தான் என்று கேட்டால் பக்கத்து சீட்டைப் பார்ப்பேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம், நம் ஆட்டோமொபைல் லேபின் மூலையில் கிடக்கும் ஒரு மரப்பெட்டி.

அந்த லேபில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கட்-செக்ஷன் எஞ்சினுக்குப் பின்னால், ஜன்னல் ஓரமாக, கிரீஸ் ஏறிக் கறுத்துப்போன பெட்டி. உள்ளே கம்பி, பட்டை, பல்பு, டின் தகடு என்று பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் காயலான் கடைச் சரக்கு. நமக்கெல்லாம் பாடம் எடுத்த ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஐயா அதைத் தொட விடமாட்டார். அவர் 2016-ல் காலமாகிவிட்டார். போன வருடம் லேபைக் காலி செய்து மின்வாகன ஆய்வுக்கூடம் அமைக்க முடிவானபோது, பழைய சாமான்களைக் கண்டம் செய்யப் பட்டியல் போட்டார்கள். அந்தப் பெட்டி பட்டியலில் இல்லை. ஏன் தெரியுமா? ஸ்டாக் ரிஜிஸ்டரிலேயே அது கிடையாது! பில் போட்டு வாங்கிய சாமான் அதில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கையால் செய்தது. ரிஜிஸ்டரில் இல்லாததைத் தூக்கிப் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, பாருங்கள்.

அதனால்தான் இந்தக் கட்டுரை. மோட்டார் ரிப்பேருக்குக் கருவி வாங்க வழியில்லாதவர்கள் தாங்களே செய்துகொண்ட கருவிகளின் கதை இது.

கதை எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால், காரோடு சேர்ந்தேதான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்திச் சரிசெய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்து ஷார்ட் ஆனபோது காலுறைப் பட்டையைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அடித்துக்கொண்டார். ஆக, உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்திலேயே கடையில் வாங்கிய ஸ்பெஷல் டூல் எதுவும் கிடையாது.

நம் ஊருக்கு வருவோம். கோவை என்றால் ஜி.டி. நாயுடுவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் பிடிக்காதவர். ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து அதன்மேல் ஆசை வந்து, கோவையில் ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்து, ஒன்றை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, திரும்ப மாட்டினார். 1920-ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சி–பழனி வழியில் ஓட்டினார். அதுதான் வளர்ந்து யுனைடெட், யூனியன் என்றெல்லாம் நாம் குழப்பிக்கொள்கிற யு.எம்.எஸ்., அதாவது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. 1937-ல் இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் அவர் கூட்டணியில் இதே கோவையில்தான் வந்தது. அவினாசி ரோட்டில் அவர் பெயரில் இருக்கும் மியூசியத்துக்கு நம்மில் பாதிப்பேர் முதல் வருடத்தில் பஸ் வைத்துப் போயிருப்போம். போகாத தம்பிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வாருங்கள்.

ஆனால் நாயுடு மாதிரி ஒருவர் வருவதற்கு அடியில் ஒரு தரை இருந்தது. அது நம் ஊர்க் கொல்லர்கள். பெரிய பட்டணங்களைத் தாண்டினால் அன்றைக்குக் காருக்கென்று தனிப் பட்டறை ஏது? வண்டி நின்றுபோனால் மாட்டு வண்டிக்குப் பட்டா போடுகிறவரிடம்தான் கொண்டுபோவார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா எப்படிப் போடுகிறார்கள்? பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக வளைத்து, நெருப்பில் போட்டு விரிய வைத்து, சூட்டோடு மரச் சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். சுருங்கி இறுகிக்கொள்ளும். இப்போது எஞ்சினின் ஃப்ளைவீலைப் பாருங்கள். அதன் விளிம்பில் பல் வளையம், அதாவது ரிங் கியர், ஏற்றுவது அதே வித்தைதான். சூடாக்கு, விரியட்டும், இறக்கு, ஆறவிடு. தண்ணீர் மட்டும் ஊற்றக்கூடாது. சூடு கூடினால் பற்களின் கடினம் போய்விடும் என்பதால், இரும்பின்மேல் ஏறும் நிறத்தைப் பார்த்தே அளவு சொல்வார்கள். வைக்கோல் நிறம் வந்தால் 230 டிகிரி சுமாருக்கு, நீலம் வந்தால் 300 சுமாருக்கு. மெட்டலர்ஜி பேப்பரில் இதற்கு நாம் இரண்டு மார்க் வாங்கினோம். கொல்லர் பரீட்சை எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு யுத்தம் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததோடு பர்மா எண்ணெய் நின்றுபோனது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்கள் நிற்கக்கூடாது. என்ன செய்தார்கள்? கரியில் ஓட்டினார்கள். வயதானவர்கள் சொல்லும் 'கரி பஸ்' இதுதான். பஸ்ஸின் பின்னால் ஒரு இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியை அரைகுறைக் காற்றில் எரிய விட்டால் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதைக் குழாயில் ஆறவைத்து, தூசு வடிகட்டி, எஞ்சினுக்குள் அனுப்ப வேண்டும். வாயுவில் பாதிக்கு மேல் ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜன் என்பதால் எஞ்சினின் சக்தி பாதிக்குப் பாதி குறைந்துபோகும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டியதுதான்! காலையில் பஸ் கிளம்புவதற்கு வெகு நேரம் முன்னாலேயே கிளீனர் எழுந்து கையால் காற்றாடி சுற்றிக் கரியைப் பற்றவைப்பார். மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் கம்பெனி இதற்கென்றே 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' தயாரித்தது. தகடு வெட்டவும் குழாய் வளைக்கவும் தெரிந்தவனுக்கு, எஞ்சினுக்கான தீனியையே பட்டறையில் செய்ய முடியும் என்கிற தைரியம் அந்த நாட்களில் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

பெட்டியில் இருப்பதில் பெரும்பகுதி அதற்கு அடுத்த காலத்தைச் சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கே உற்பத்தி செய்யாமல் பூட்டி மட்டும் விற்கிற கம்பெனிகளுக்கு இடமில்லை என்று அரசு சொன்னதும் ஜெனரல் மோட்டார்ஸ் போன்றவை 1950-களின் நடுவில் மூட்டை கட்டின. மிஞ்சியது மூன்றே கார்தான் என்று சொல்லலாம். உத்தரபாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட் (பின்னாளில் பிரீமியர் பத்மினி), நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே இருக்கிற வண்டி செத்தாலும் சாகவிடக்கூடாது. வெளிநாட்டு டூலுக்கு இறக்குமதி லைசென்ஸ். கிடைத்தாலும் விலை, பட்டறைக்காரரின் பல மாதச் சம்பாத்தியம்.

இதில் இன்னொரு கூத்து. அம்பாசடரின் நட்டுகள் அங்குலக் கணக்கு. ஃபியட்டின் நட்டுகள் மில்லிமீட்டர். அதற்கும் பழைய இங்கிலீஷ் வண்டிகளுக்கு விட்வொர்த் என்று மூன்றாவது ஒன்று. மூன்று செட் ஸ்பேனர் வைத்துக்கொள்ள யாரால் முடியும்? அரை அங்குல நட்டு என்பது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் போதும், கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். 7/16 அங்குலம் 11.1 மில்லிமீட்டர். 11 ஸ்பேனரின் வாயை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் கச்சிதமாக உட்காரும். பெட்டியில் அப்படி வாய் தேய்த்த ஸ்பேனர் நாலு இருக்கிறது.

எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் வந்த அறிவு இல்லை. என் பெரியப்பா பொள்ளாச்சி ரோட்டில் நாற்பது வருடம் பட்டறை வைத்திருந்தவர். பள்ளி லீவுக்கு அங்கேதான் கிடப்பேன். அவர் மேஜை டிராயரில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் உடைந்த ஆக்ஸா பிளேடுத் துண்டு ஒன்று, அழுக்கேறிய விசிட்டிங் கார்டு ஒன்று. பிளக் இடைவெளி பார்க்க பிளேடு, டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி பார்க்க கார்டு. ஃபில்லர் கேஜ் வாங்கக் காசில்லாத காலத்தில் பிடித்த பழக்கம், பின்னால் வாங்கிய பிறகும் விடவில்லை.

எனக்கு இஞ்சினியரிங் சேர்ந்த திமிர். இரண்டாம் வருடம் மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டர் கைக்கு வந்ததும் அந்தத் தீப்பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன், அவரைத் தப்பென்று நிரூபிக்கலாம் என்று. பிளேடு 0.63 மில்லிமீட்டர். அம்பாசடர் பிளக்குக்குச் சொல்லியிருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் 25, அதாவது 0.635. கார்டு 0.36. பாயிண்டுக்கு வேண்டியது 0.35 முதல் 0.40. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊருக்குப் போய்ச் சொன்னால் அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"எல்லா கார்டும் ஆகாது கண்ணு. அது மில் மொதலாளி கொடுத்தது, கெட்டி அட்டை. அந்தக் காலத்துல பில்லர் கேஜ் வெச்சிருந்த ஒரு பட்டறைக்குப் போய் ஒரு தடவை ஒப்புப் பார்த்துட்டுத்தான் வெச்சேன். சும்மா குருட்டாம்போக்குலயா வெப்பாங்க?"

இந்த 'ஒப்புப் பார்ப்பது' என்பதைத்தான் நாம் காலிபரேஷன் என்று நாலு வாரம் படித்தோம்.

அடுத்தது டெஸ்ட் லேம்ப். பன்னிரண்டு வோல்ட் பல்பு, ஹோல்டர், இரண்டு ஒயர், ஒன்றின் முனையில் கிளிப், மற்றதில் கூர்தீட்டிய சைக்கிள் கம்பி. இதை வைத்துக் கரண்ட் வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள் என்று நினைத்தீர்களானால் தப்பு. எஞ்சின் டைமிங்கே வைப்பார்கள். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றித் துளையில் கட்டைவிரலை வைத்து, கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றினால், கம்ப்ரஷன் வரும்போது விரலைத் தள்ளும். அங்கிருந்து மெதுவாகச் சுற்றிப் புல்லியின் கோட்டைக் குறிக்கு நேராக நிறுத்த வேண்டும். இப்போது பல்பின் ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் காயில் முனையிலும், மறுமுனையை எர்த்திலும் கொடுத்துச் சாவியைப் போட வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்வரை கரண்ட் அதன் வழியே எர்த்துக்கு ஓடிவிடும், பல்பு எரியாது. டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் பிரிகிற அதே நொடியில் பல்பு பளிச்சென்று எரியும். அங்கேயே நட்டை இறுக்கு. முடிந்தது வேலை. அதில் ஐந்து ரூபாய் சாமான்கூட இருக்காது.

பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது குரோலர். டைனமோ, செல்ஃப் மோட்டார் ஆர்மேச்சருக்குள் சுருள் ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எரிந்துபோன டிரான்ஸ்பார்மரிலிருந்து இரும்புத் தகடுகளை உருவி, அடுக்கி, மேலே 'வி' வடிவத்தில் வெட்டி, நடுவில் செப்புக் கம்பி சுற்றியிருக்கிறார் இன்ஸ்ட்ரக்டர் ஐயா. அதற்கு ஏ.சி. கரண்ட் கொடுத்து, வெட்டில் ஆர்மேச்சரை உட்கார வைத்தால் உர்ரென்று உறுமும், பெயருக்கு ஏற்றபடி. ஆர்மேச்சரின் மேல் ஆக்ஸா பிளேடு ஒன்றை லேசாகப் பிடித்தபடி ஒவ்வொரு வரியாகத் திருப்ப வேண்டும். நல்ல வரியில் பிளேடு சும்மா இருக்கும். ஷார்ட் ஆன சுருளில் மட்டும் உள்ளுக்குள்ளேயே கரண்ட் தூண்டப்பட்டுச் சுற்றும். அந்த வரிக்கு மேல் வந்ததும் பிளேடு படபடவென்று அடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பழுதை நம் விரல் நுனிக்குக் கொண்டுவந்துவிடுகிறது, பாருங்கள். மின்காந்தத் தூண்டலை நான் புரிந்துகொண்டது பிளஸ் டூவில் இல்லை, இந்தப் பிளேடு கையில் அடித்த அன்றுதான்.

டால்டா டின் எதற்கு? பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறக்கும்போது ரிங்குகள் விரிந்து முட்டும். அவற்றை அமுக்கிப் பிடிக்க ஒரு வளையம் வேண்டும். அம்பாசடர் 1489 சி.சி. எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர். சுற்றளவு 9 அங்குலம், ஒரு சிட்டிகை கூட. டால்டா டின்னில் 10 அங்குல நீளத்துக்குத் தகடு வெட்டி, ஓரத்தை மழுங்கத் தேய்த்து, எண்ணெய் தடவிப் பிஸ்டனைச் சுற்றி, ஹோஸ் கிளிப் போட்டு முறுக்கினால் ரிங் கம்ப்ரஸர் தயார். சுத்தியலின் மரப்பிடியால் ஒரு தட்டு, பிஸ்டன் உள்ளே. டால்டா டின் தகடுதான் சரியான கனம் என்பார் பெரியப்பா. எண்ணெய் டின் மடங்கிவிடுமாம். எங்கள் பெரியம்மாவுக்குத் தெரியாமல் சமையலறையிலிருந்து போன டின்கள் எத்தனையோ!

முன்சக்கர அலைன்மெண்டுக்கு வளைந்த பைப் ஒன்று இருக்கிறது. இரண்டு முனையிலும் கூர் முள். டயரைத் தூக்கிச் சுற்றவிட்டு ஆணியால் நடுவில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு, இறக்கியபின் இரண்டு சக்கரக் கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை அளந்தால், வித்தியாசம்தான் டோ-இன். பிறகு புல்லர்கள், லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த நெம்புகோல்கள், பழைய அரத்தைத் தீட்டிச் செய்த சுரண்டிகள். எல்லாவற்றையும் சொன்னால் மலர்க் குழு என் கையை வெட்டிவிடும்.

இனி, எழுத வேண்டாம் என்று இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்பச் சேர்த்த பகுதி.

கடைசி வருடம் நாங்கள் ஐந்து பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பழைய பத்மினி வாங்கினோம். கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஸ்டாண்டு வாங்கப் பணமில்லை. அதுதான் எல்லாவற்றையும் கையால் செய்கிறோமே என்ற மிதப்பில், கழிவு ஆங்கிள் இரும்பில் நான்கு ஸ்டாண்டுகளை நானே வெல்டிங் அடித்தேன். பார்க்க ஜோராக இருந்தது. பச்சை பெயிண்ட்கூட அடித்தோம். ஹாஸ்டலுக்குப் பின்னால் மண் தரையில் வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். எங்கள் அறை நண்பன் ஒருவன் இரண்டு மணி நேரம் அடியில் படுத்து வேலை செய்தான். "டீ வந்துருச்சுடா" என்று யாரோ கூப்பிட, வெளியே உருண்டு வந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். முன்பக்க இடது ஸ்டாண்டின் கால் விட்டது. ஒன்பது குவிண்டால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, டிரம் மண்ணில் புதைந்தது. அவன் தலை இருந்த இடத்தில் சேஸிஸுக்கும் தரைக்கும் நடுவே என் கை நுழையவில்லை. நுழைத்துப் பார்த்தேன், அதனால் தெரியும்.

அன்று ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் இன்ஸ்ட்ரக்டர் ஐயாவிடம் உடைந்த காலைக் கொண்டுபோனோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். ஒன்றும் பேசாமல் வைஸில் பிடித்து வெல்டிங்கைக் குறுக்கே அறுத்துக் காட்டினார். துருவைச் சுரண்டாமல் மேலேயே ஓட்டியிருக்கிறேன். உலோகம் அடிவரை இறங்கவே இல்லை, மேலே பசை தடவின மாதிரி நிற்கிறது. கால்களை இணைக்கக் குறுக்குப் பட்டை வேறு போடவில்லை.

"தம்பி, டெஸ்ட் லேம்ப் தப்புச் சொன்னா மறுக்காப் பார்த்துக்கலாம். ஸ்டாண்டு தப்புச் சொன்னா பார்க்கறதுக்கு ஆள் வேணுமில்ல? என்ற பெட்டில ஒரு ஸ்டாண்டு இருக்குதா, போய்ப் பாரு."

பார்த்தேன். ஐயா, இன்றுவரை நாற்பத்தொரு சாமான் எண்ணிவிட்டேன். அளக்கிறது, சோதிக்கிறது, கழற்றுகிறது, பொருத்துகிறது எல்லாம் இருக்கிறது. ஆளின் மேல் சுமை தாங்குகிற சாமான் ஒன்றுகூட இல்லை. வண்டியைத் தூக்க அவர் வைத்திருந்தது ரயில்வே ஸ்லீப்பர் கட்டைத் துண்டுகள்தான். இரண்டு நெடுக்கு, இரண்டு குறுக்கு என்று அடுக்கி, கெட்டித் தரையில், சக்கரத்தோடு வைப்பார். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் கண்டால் காலால் தள்ளிவிடுவார், சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும் என்று. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் வீட்டுக் கரண்டில் பல்பையும் டயோடையும் தொடர்ச்சியாகப் போட்டு பேட்டரி சார்ஜ் செய்கிற வித்தையும் அப்போது பல பட்டறைகளில் உண்டு. நூறு வாட் பல்பு போட்டால் அரை ஆம்பியருக்கும் குறைவாக நிதானமாகச் சார்ஜ் ஏறும், வாஸ்தவம்தான். ஆனால் பேட்டரி முனையைத் தொட்டவன் மெயின் லைனைத் தொட்டவன். அதுவும் அவர் பெட்டியில் இல்லை. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரில் காற்றடிக்கும் பம்ப் செய்ய அனுமதித்தார். ஆனால் அதற்குப் பழைய கேஸ் சிலிண்டரைத் தொட்டியாக வைக்க நாங்கள் கேட்டபோது, சேஃப்டி வால்வோடு சோதித்த தொட்டி வாங்க முடிந்தால் வா, இல்லாவிட்டால் டயருக்கு நேரடியாக அடி என்று அனுப்பிவிட்டார். எதைச் செய்யலாம் என்பதோடு எதைச் செய்யக்கூடாது என்றும் அந்தப் பெட்டிக்கு ஒரு கணக்கு இருந்தது. எனக்கு அது ஒரு பத்மினி சாய்ந்த பிறகுதான் தெரிந்தது.

இந்தக் கருவிகளின் காலம் முடிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கம்பெனி சர்வீஸ் ஸ்டேஷன்கள் வந்தன. 1991-க்குப் பிறகு டூல்கள் தாராளமாகக் கிடைத்தன. 2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு இறுக, கார்புரேட்டரும் பாயிண்டும் மறைந்து இன்ஜெக்ஷன் வந்தது. தீப்பெட்டிக்குள் இருந்த பிளேடுக்கும் கார்டுக்கும் வேலை போயிற்று. அம்பாசடர் உற்பத்தியே 2014-ல் நின்றது. "கம்ப்யூட்டர் போட்டுத்தான் பாக்கோணும்னு சொல்றாங்க, அது நமக்கு எதுக்கு" என்று பெரியப்பா பட்டறையை மூடினார்.

அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில் 16 முனை உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறதல்லவா? பதினாறாவது முனை பேட்டரி, நான்கும் ஐந்தும் எர்த், பெரும்பாலான இன்றைய வண்டிகளில் ஆறும் பதினாலும் தகவல் ஓடும் கம்பிகள். ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டும், அந்தக் கம்பிகளோடு பேசும் சிப் ஒன்றும் வாங்கி, உக்கடம் பழைய சாமான் கடையில் எடுத்த பிளக்கை மாட்டி, என் வண்டிக்கு நானே ஒரு ரீடர் செய்தேன். எஞ்சின் சூடு என்ன என்று கேட்டால் வண்டி ஓர் எண் அனுப்பும். அதில் 40-ஐக் கழித்தால் செல்சியஸ். வேகம் கேட்டால் இரண்டு எண் வரும். முதல் எண்ணை 256-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, நாலால் வகுத்தால் ஆர்.பி.எம். கடையில் இதைவிட மலிவாகவே ரெடிமேடு ரீடர் கிடைக்கிறது என்று என் வீட்டுக்காரம்மா சொன்னது உண்மைதான். பெரியப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். திரையில் எண் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரேடியேட்டர் மேல் ஹோஸைக் கையால் தொட்டுப் பார்த்து, "எம்பத்தஞ்சு சொல்லுது, சரியாத்தான் இருக்கும்" என்றார். ஒப்புப் பார்த்துவிட்டார்!

இனி காரியத்துக்கு வருகிறேன். துறைத் தலைவரைப் பார்த்துப் பேசினேன். புதிய ஆய்வுக்கூடத்தின் வராந்தாவில் கண்ணாடி அலமாரி ஒன்று தருகிறேன், ஆனால் ஒவ்வொரு சாமானுக்கும் பெயர், எதற்கு, எதிலிருந்து செய்தது என்று சீட்டு எழுதி ஒட்டினால்தான் என்றார். நியாயமான பேச்சு. நாற்பத்தொன்றில் முப்பத்துமூன்றுக்கு எழுதிவிட்டேன், பெரியப்பா புண்ணியத்தில். எட்டு பாக்கி.

அதில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான ஸ்பிரிங் பட்டை. ஒரு முனை காக்கை மூக்கு மாதிரி வளைந்திருக்கிறது. மறுமுனையில் சைக்கிள் ஆக்ஸில் கோன் ஒன்றைப் பற்றவைத்திருக்கிறார். நடுவில் அரத்தால் சதுரமாக்கிய மூன்று துளை, மூன்றும் மூன்று அளவு. ஹெரால்டு வண்டியின் ஏதோ ஸ்பிரிங்கை அமுக்க என்று நான் நினைக்கிறேன். பெரியப்பா பார்த்துவிட்டு, "இது காருக்கே இல்லீங் கண்ணு, ஜீப்புக்கு இருக்கும்" என்கிறார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் படித்த அண்ணன்மார் யாராவது அவர் இதைப் பிடித்து வேலை செய்ததைப் பார்த்திருக்கலாம். சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய லேப் வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பேன். சீட்டும் பேனாவும் கொண்டுவருகிறேன்.